மதிலுக்கு அந்தப் புறம்

கரூரிலிருந்து கோயமுத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காங்கேயத்துக்குக் கிழக்கே, மேற்கு மலைகள் மழையைத் தடுத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பிவைக்கும் வறண்ட பூமியில் அமைந்த வெள்ளகோவிலில், கட்டடக்கலை ஒன்றையே ஜீவனோபாயமாகக் கொண்டு ஒருவன் வாழ்நாளைக் கழிக்க முடியுமா என்று வெளியூர் நண்பர்கள் இன்றும் என்னைக் கேட்பதுண்டு. முடியும், ஆனால் அது பட்டணத்துப் பத்திரிகைகளில் வழவழப்பான காகிதத்தில் அச்சாகிற கட்டடக்கலையாக இராது. விசைத்தறிக் குடோன், எண்ணெய் மில், தேங்காய்க் களம், நூற்பாலை, கல்யாண மண்டபம், சாலையோரக் கடைகள், தோட்டத்து நடுவே ஒரு வீடு என்று இந்த ஊர் எதைக் கட்டுகிறதோ அதைத்தான் இந்த ஊர்க் கட்டடக்கலைஞனும் வரைய வேண்டும். சென்னையில் படித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் சிலகாலம் வேலை பார்த்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் நான் இங்கே வந்து பலகை மாட்டியபோது என் வரைபடங்களின் அடியில் 'பெரியார் மாவட்டம்' என்று எழுதினேன். பிறகு அது ஈரோடு மாவட்டமாயிற்று. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது மறுபடியும் மாற்றி எழுதினேன். மாவட்டத்தின் பெயர் மாறிற்றே ஒழிய, படியேறி வருகிறவர் உட்காருமுன் கேட்கிற கேள்வி மாறவே இல்லை: "சதுரத்துக்கு எவ்வளவுங்க ஆகும்?"

நியாயமான கேள்விதான். இந்தப் பக்கத்தில் பணம் என்பது பரம்பரையாக வந்து பெட்டியில் கிடக்கிற பொருள் அன்று. மேட்டுக்காட்டில் வானத்தைப் பார்த்து விதைத்தும், மாடு வளர்த்தும், தறி ஓட்டியும் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்தது. ஆகையால் கணக்குக் கேட்கிற யஜமானரிடம் எனக்கு எந்நாளும் மனத்தாங்கல் இருந்ததில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கேள்வியைக் கேட்க என் அலுவலகத்துக்கு ஒருநாளும் வராதவர்கள், ஆனால் நான் இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் தங்கள் உடம்பால் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் இருக்கிறார்கள். கூலி கொடுத்து என்னை அமர்த்தியவர் ஒருவர். அந்தக் கட்டடத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கப் போகிறவர்களும், அதைக் கட்டப் போகிறவர்களும், அதன் சுவருக்குப் பின்னால் படுத்து உறங்கப் போகிறவர்களும் வேறு பலர். அவர்களுக்கும் நான் கடமைப்பட்டவன் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட தர்மம் என்று சொல்லத் தக்க ஒரே விஷயம்.

அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்குச் சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கிற பலம் மிகவும் சொற்பம். 1972-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய கட்டடக்கலைஞர் சட்டத்தின்படி, அதற்கென ஏற்பட்ட கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கட்டடத்துக்கு வரைபடம் போடும் காரியத்தைப் பிறர் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் மாதத்தில் அளித்த தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்கிவிட்டது. பட்டத்துக்குப் பாதுகாப்பு உண்டு, தொழிலுக்கு ஏகபோகம் இல்லை. என் சகபாடிகளில் பலர் இதற்காக மிகவும் விசனப்பட்டார்கள். நான் அவ்வளவாக விசனப்படவில்லை. ஏனெனில் இந்த வட்டாரத்தின் வீடுகளில் பெரும்பாலானவை மேஸ்திரிகளும் உள்ளூர் இஞ்சினியர்களும் போட்ட பிளானில் எழுந்தவையே, அவற்றில் நல்ல வீடுகளும் நிறைய உண்டு. ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் பிறக்கிறது. மனசாட்சிக்கு ஒவ்வாத வேலையை ஒரு கட்டடக்கலைஞன் மறுத்துவிட்டு எழுந்து போனால், அந்தக் கட்டடம் எழும்பாமல் நின்றுவிடாது. அடுத்த தெருவில் ஒருவர் பாதிக் கூலிக்கு அதை வரைந்து கொடுப்பார், அது இன்னும் மோசமாக எழும்பும். மறுப்பது சிலசமயம் அவசியம். மறுத்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பதற்கு மட்டும் இங்கே இடம் கிடையாது. கட்டளையிட முடியாதவன் வாதாட வேண்டும், காத்திருக்க வேண்டும், யஜமானரின் லாபத்தைக் கொண்டே மற்றவரின் சௌகரியத்தை நிலைநாட்ட உபாயம் தேட வேண்டும்.

அந்த உபாயங்களில் பாதியைக் கல்லூரியில் கற்றேன் என்றால் மீதியை ஒரு முதிய மேஸ்திரியிடம் கற்றேன். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கரணையும் தவிர வேறு சாதனம் அறியாத அவர், சுண்ணாம்புக் காரை அரைத்த காலத்திலிருந்து கான்கிரீட் காலம் வரை இந்தச் சீமையில் சுவர் எழுப்பியவர். நான் முதன்முதலில் வரைந்த தோட்டத்து வீட்டின் படத்தை நிலத்தில் விரித்துக் காட்டியபோது, மேற்கு முகத்தில் நான் ஆசையாக வைத்திருந்த அகன்ற ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காத்த மறிக்கப் படாதுங்க தம்பி, வாங்கவும் படாது, ஒதுக்கி உடோணும்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை ஓயாமல் வீசும் காற்று இங்கே புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். பழைய தோட்டத்து வீடுகளான சாளைகளைப் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது பிரத்தியட்சமாக விளங்கும்: மேற்கே தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஜன்னலற்ற தடித்த மண் சுவர், அதற்கு அப்பால் கட்டுத்தரையும் வைக்கோல் போரும், கிழக்கே திறந்த திண்ணையும் ஆசாரமும் வாசலும். முள்கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் காங்கேயம் மாடுகளை வாழவைத்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களை எந்த அறிவு உண்டாக்கிற்றோ, அதே அறிவுதான் இந்த வீடுகளையும் உண்டாக்கியது. கிடைக்கிற சொற்பத்தை வீணாக்காமல் வாழும் அறிவு அது.

வீடுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மனையடி சாஸ்திரம் 11 அடிக்குப் பிறகு 16 அடிக்குத்தான் நல்ல பலன் சொல்கிறது என்று நடு அளவுகளைக் கட்ட மறுக்கிற குடும்பங்களோடும், கழிவறைக்கு எந்த மூலையிலும் இடம் இல்லை என்று சாதிக்கிற ஜோசியர்களோடும் சம்பாஷித்தே என் பொழுதில் ஒரு பங்கு போயிருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொடக்காலியில், வீட்டை விட்டுத் தள்ளி, இருட்டில் நடந்து போகும்படி கழிவறை வைப்பதை நான் எந்த சாஸ்திரத்தின் பேராலும் ஒப்புக்கொண்டதில்லை. அந்த வீட்டின் வயதான ஆத்தாவும் வயதுக்கு வந்த பெண்ணும் அந்தச் சம்பாஷணையில் கலந்துகொள்வதில்லை. உள்ளே அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டு இருப்பார்கள். பிளானை மடித்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மாக்களில் யாராவது ஒருவர் வாசல் வரை வந்து, "அப்படியே இருக்கட்டுமுங்க, மாத்திப் போடாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு.

விசைத்தறிக் குடோனுக்கு வருகிறேன். இந்த ஊரின் ஜீவநாடி அதுதான். சிமென்ட் ஷீட் போட்ட தாழ்ந்த கூரை, ஹாலோ பிளாக் சுவர், அதில் அடைத்தே கிடக்கும் சிறு ஜன்னல்கள். உள்ளே பக்கத்தில் நிற்பவர் காதோடு வாய் வைத்துச் சொன்னாலும் கேளாத இரைச்சல், பஞ்சுத் தூசி, சித்திரை மாதத்து வெக்கை. ஜன்னலை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. வறண்ட காற்று பட்டால் பாவு நூல் அறுந்து போகும், நூல் அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே 'காற்றோட்டம் வேண்டும்' என்று கட்டடக்கலைஞன் புத்தகத்தைப் படித்துச் சொன்னால், முதலாளி மட்டும் அல்ல, தறிக்காரரே அதை நிராகரிப்பார். இருவர் சொல்வதும் மெய். இரண்டு மெய்க்கும் இடம் கொடுக்கிற கூரையைக் கண்டுபிடிப்பதுதான் நமது வேலை. கூரையை இரண்டு மூன்று அடி உயர்த்தி, வெப்பம் உச்சியில் தேங்காமல் முகட்டில் வெளியேறத் திறப்பு வைத்து, தறி மட்டத்தில் காற்று அடிக்காதபடி செய்து, மேற்குச் சுவருக்கு வெளியே வேம்பும் புங்கனும் வைத்தால், நூலும் அறாது, மனிதனும் வேகமாட்டான். கோயமுத்தூரின் பெரிய ஆலைகளில் முன்னோர்கள் வெளிச்சத்தை மட்டும் வடக்கிலிருந்து வாங்கும்படி ரம்பப்பல் வடிவத்தில் கூரை போட்டதும் இந்தச் சிந்தனையில்தான்; நேர் வெயில் உள்ளே விழாது, துணியின் குறையும் கண்ணுக்குத் தப்பாது. சிறு குடோனுக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் உயர்த்துகிற அந்த மூன்று அடிக்கு ஆகிற செலவு, முதலாளிகள் பயப்படுகிற அளவுக்கு ஒருபோதும் ஆவதில்லை. எழுதிக் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். குடோனை ஒட்டிக் கட்டுகிற லைன் வீடுகளைப் பற்றித்தான் ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். தறிச் சத்தம் சுவர் வழியே அதிர்ந்து தொட்டில் குழந்தையை எழுப்பும் வீடுகள் அவை. குடோனுக்கும் லைனுக்கும் நடுவே ஒரு வண்டி போகும் அளவாவது இடைவெளி விடச் சொல்லி நான் மன்றாடிய இடங்களில் சிலவற்றில் விட்டார்கள், பலவற்றில் விடவில்லை.

என் மனத்தை மிகவும் அலைக்கழித்த வேலை ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதி. தென் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து, மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்களைத் திரட்டி வந்து ஆலை வளாகத்துக்குள்ளேயே தங்கவைக்கும் வழக்கம் கொங்கு நாட்டு ஆலைகளில் பரவியிருந்த காலம் அது. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றிப் பின்னால் நிறைய விவாதம் எழுந்தது. 2014-ல் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தவும் பதிவு செய்யவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நான் சொல்வது அதற்கு முந்திய காலம். என்னிடம் கொடுக்கப்பட்ட குறிப்பு இவ்வளவுதான்: இரண்டு மாடி, ஒரே வாசல், அதற்கு இரும்புக் கிரில், வெளிப்பூட்டு, அறைக்குப் பன்னிரண்டு பேர், ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே, சின்னதாக, குளியலும் கழிவறையும் கீழே முற்றத்தின் கோடியில். கேட்டவர் துஷ்டர் அல்லர். தம் வீட்டுப் பெண்களைக் காப்பது போலவே இவர்களையும் காக்க வேண்டும் என்று மனதார நம்பியவர். "ஏனுங்க, ஜன்னலப் பெருசா வெச்சா புள்ளைங்க ரோட்டயே பாத்துட்டு நிக்குமுங்க" என்றார். "எட்டு மணி நேரம் மெஷினப் பாத்துட்டு வந்த புள்ளைங்க கொஞ்ச நேரம் ரோட்டப் பாக்கட்டுமுங்களே" என்றேன். அன்றைக்கு அது பலிக்கவில்லை.

பலித்தது வேறொரு வாதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், கொட்டகையில் தீப்பற்றியபோது ஓட வழியின்றி மாண்டுபோனார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையற்கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இரண்டு தேதிகளையும் நான் ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் விடுதியின் மாடிப் படத்தை வைத்து, இரவு இரண்டு மணிக்கு மேல்மாடியில் மின்கசிவால் தீப்பிடித்தால், வெளிப்பூட்டுச் சாவி வைத்திருக்கிற காவலாளி எழுந்து வருவதற்குள் எத்தனை பெண்கள் அந்த ஒற்றைப் படியில் இறங்க முடியும் என்று அவரையே எண்ணிச் சொல்லச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதன் பின் கட்டடத்தின் மறுகோடியில் இரண்டாவது மாடிப்படி வந்தது. கதவுகள் வெளிப்புறமாகத் திறந்தன. கிரிலின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்தும் திறக்கும்படி அமைந்தது. மாடிதோறும் கழிவறைகள் வந்தன, ஏனெனில் இரண்டாவது படிக்கட்டை ஒட்டித் தண்ணீர்க் குழாய் இறக்குவது சுலபமாயிற்று. ஜன்னலையும் அப்போதே உட்கார்ந்தால் வெளியே தெரிகிற உயரத்துக்கு இறக்கினேன். புகை வெளியேறுவதற்கு என்று சொன்னேன், அதுவும் உண்மைதான். வாசலருகே, வீட்டார் பார்க்க வந்தால் உட்கார்ந்து பேச ஓர் அறையும் கேட்டு வாங்கினேன். அறைக்குப் பன்னிரண்டு என்பதை எட்டாகக் குறைக்க முடிந்ததே தவிர, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தத் திட்டத்தின் குறைகளைக் கட்டடத்தால் தீர்க்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் கட்டடத்தால் ஆகிற தீங்கைக் கட்டடத்தில்தான் தடுக்க வேண்டும்.

இதே வகையில் ஜவுளிக்கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழகச் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நல்ல காரியம். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஒன்றரை அடி இடம் மட்டும் விட்டு வரைந்துவிட்டால், சட்டம் கொடுத்த நாற்காலியை எங்கே போடுவது? அந்த இடத்தை வரைகிறபோதே ஒதுக்காவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

கட்டுகிறவர்களின் கதை இன்னும் நெருக்கமானது. சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து சாரம் ஏறிய காலம் போய், இப்போது மிக்ஸர் மெஷினும் லிப்டும் வந்திருக்கின்றன. உள்ளூர் ஆட்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் கம்பி கட்டுகிறார்கள். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் அவர்களுக்குக் கழிவறை கிடையாது என்ற நிலைமை வெகுகாலம் மாறவில்லை. 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. எங்கள் ஊர் வேலைகளில் ஐம்பது பெண்கள் ஒருங்கே சேர்வதே இல்லை, ஆகையால் புளியமரத்துத் தொட்டில்தான் காப்பகம். இதில் நான் கடைப்பிடித்த கிரமம் மிக எளியது. எந்த வேலையானாலும் அஸ்திவாரப் பூஜைக்கு முன்பு, மனையின் ஓரத்தில் ஒரு கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிவிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். கட்டடம் முடிந்தபின் அது வெளிக் கழிவறையாக யஜமானருக்கே உதவும். எப்படியும் கட்டத்தான் போகிறார், பின்னால் கட்டுவதை முன்னால் கட்டுகிறார், அவ்வளவே. கட்டுமானச் செலவில் ஒரு சதவிகிதம் நல நிதியாகக் கட்டுகிறோம். அந்த நிதியின் பயன் நம் மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கிடைக்க அவர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்திருக்கிறார்களா என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் கொடுப்பதில்லை என்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

சுவரின் பொருளுக்கும் ஒரு மனிதக் கதை உண்டு. எங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு வெகுகாலம் கோயமுத்தூருக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து சேம்பர் செங்கல் வந்தது. அங்கே மலையடிவாரத்துச் செம்மண்ணை அனுமதியின்றி ஆழத் தோண்டி எடுத்ததால் ஓடைகள் சிதைந்தன, யானைகளின் வழித்தடம் குலைந்தது. பொதுமக்கள் நெடுங்காலம் போராடிய பின், 2021-ல் சூளைகள் மூடப்பட்டன. ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் வந்திருக்கிறது. அதற்கும் எங்கோ ஒரு கிராமம் கல்குவாரியின் வெடிச் சத்தத்தில் வாழ்கிறது. முற்றிலும் குற்றமற்ற செங்கல் எங்கும் கிடைக்காது. குறைத்துச் செலவழிக்கலாம். பர்மிங்காமில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்த பின் இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டு, திருவனந்தபுரத்தில் 2007-ல் மறைந்த லாரி பேக்கர், ஒரு வீட்டின் பொருள்கள் அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை வாழ்நாள் முழுவதும் மறவாதிருந்தார். செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி உள்ளே காற்றிடை விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை அவர் நாடெங்கும் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது. நான் அதை இங்கே சில வீடுகளில் கட்டினேன். மேஸ்திரிகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஆனால் பூசாத செங்கல் சுவரைப் பார்த்து, கையில் காசு தீர்ந்துபோய் வீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று உறவுமுறைகள் நினைப்பார்களே என்ற கூச்சத்தை மட்டும் என்னால் வெல்ல முடியவில்லை. கடைசியில் உள்ளே எலிப்பொறிக் கட்டு, வெளியே பூச்சு என்று சமாதானம் செய்துகொண்டோம். செங்கல் மிச்சமாயிற்று, அது போதும்.

காலனிகளில் அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் வீடுகளுக்கு யாரும் கட்டடக்கலைஞனைக் கூப்பிடுவதில்லை. 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், மேலே சூரிய விளக்கு என்று தமிழ்நாடெங்கும் ஒரே பிளானாக இருந்தது. கூரை வீட்டில் மழைக்காலம் முழுவதும் ஒழுகலில் கிடந்த குடும்பத்துக்கு அது பெரும் பாக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வீடு போதாமற்போகும். மேலே கட்டலாமென்றால் சுவர் எந்த பாரத்துக்கு எழுப்பியது என்று தெரியாது. பாலகிருஷ்ண தோஷி எண்பதுகளில் இந்தூரின் அரண்யா குடியிருப்பில் இதற்கு விடை கண்டிருந்தார்: மனை, அஸ்திவாரம், கழிவறை, தண்ணீர் ஆகிய கருவை மட்டும் கட்டிக் கொடுத்து, மற்றதைக் குடும்பமே வசதிக்கேற்பப் படிப்படியாக வளர்த்துக்கொள்ளும்படி தொடக்கத்திலேயே வழி செய்வது. 2018-ல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது மற்றக் கட்டடங்களைப் பற்றியே பலரும் எழுதினார்கள். நான் அரண்யாவைத்தான் நினைத்துக்கொண்டேன். காலனியில் வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் கேட்டு வந்தால், மாடிப்படிக்கு எங்கே இடம் விடுவது, தூணிலிருந்து எந்தக் கம்பியை நீட்டி மூடி வைப்பது, ஆடு கட்டத் தாவாரத்தை எந்தப் பக்கம் இறக்குவது என்று ஒரு தாளில் வரைந்து கொடுப்பேன். அதற்குக் கூலி வாங்கியதில்லை. அதைப் பரோபகாரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. ஊரில் ஒரு வைத்தியர் இருந்தால் அவரிடம் வழியில் நிறுத்திக் கேட்கிற பாத்தியதை ஊராருக்கு உண்டு, அதே பாத்தியதைதான் இதுவும்.

அந்தக் காலனிகளில் ஒன்றை ஒட்டித்தான் நான் கடைசியாகச் சொல்ல வேண்டிய சுவர் நிற்கிறது.

அதற்கு முன் வேறொரு சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு தனியார் வீட்டைச் சுற்றி எழுப்பியிருந்த ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் மதில், தொடர்மழையில் ஊறி, பக்கத்திலிருந்த பட்டியலின மக்களின் வீடுகளின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டபோது, இந்த நாட்டின் பொறியியல் உலகமே மண் பரிசோதனையையும் தூண்களின் பலத்தையும் பற்றிப் பேசிற்று. நடூரில் இடிந்தது வெறும் சுற்றுச்சுவர். சுற்றுச்சுவரை யாரும் கட்டடமாகவே மதிப்பதில்லை. வீட்டுக்குப் பிளான் உண்டு, மதிலுக்கு இல்லை. மேஸ்திரியிடம் 'இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம்' என்று சொன்னால் முடிந்தது. அத்தனை உயரம் எதற்கு என்ற கேள்விக்கு எங்கள் சீமையில் எல்லோருக்கும் விடை தெரியும். மதிலுக்கு அந்தப் புறம் யார் குடியிருக்கிறார்கள் என்பதே அந்த விடை.

அந்தச் சம்பவம் நடந்து சிலகாலத்துக்குப் பின் ஒருவர் தம் புது மனைக்கு என்னை அழைத்தார். காலனியை நோக்கிச் சரிந்த நிலம். அதைச் சமப்படுத்தக் கிராவல் மண் கொட்டி ஏழெட்டு அடி மேடாக்கியிருந்தார்; அந்த மண்ணை ஒட்டியே மதில் எழுப்பி, அதற்கு மேலும் ஆள் உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்றார். வெறும் மதில் தன் பாரத்தையும் காற்றையும் மட்டும் தாங்கினால் போதும். மேடாக்கிய மண்ணைத் தாங்குகிற சுவரோ பக்கவாட்டில் தள்ளும் மண்ணோடு போராட வேண்டும், மழை ஊறினால் தண்ணீரின் அழுத்தம் அதோடு சேரும். கல் சுவரானால் அதன் அடி அகலம் உயரத்தில் ஏறத்தாழ பாதியாவது வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வடியத் துளைகள் விட வேண்டும். இதையெல்லாம் வரைந்து, மண்ணைச் சரிவாக விட்டு மதிலை உள்ளே தள்ளி, ஐந்தடியோடு நிறுத்தினால் செலவும் குறையும் என்று கணக்கும் காட்டினேன். செலவு அவருக்குப் பொருட்டாக இல்லை. உயரம்தான் வேண்டியிருந்தது. நான் அதை வரைய மறுத்தேன். வேறொருவர் வரைந்தார், ஒன்பது அங்குலச் சுவர் எழும்பிற்று.

முன்பே சொன்னேன், மறுத்ததோடு தீராது என்று. கணக்கு முழுவதையும் கையெழுத்திட்டு அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் நகலை நகராட்சிக்கும் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு சுவரின் அடியில் வடிகுழாய்கள் துளைக்கப்பட்டன, இடையிடையே கான்கிரீட் முட்டுத்தூண்களும் நின்றன. உயரம் குறையவில்லை. ஐப்பசி மழை தொடங்கும் முன் நான் காலனிப் பக்கமாகப் போய் அந்தச் சுவரைப் பார்த்து வருவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். துளைகளில் மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடச் சொல்வேன். மழை பெய்த மறுநாள் துளையில் நீர் வடிகிறதா என்று பார்க்கச் சொல்வேன், ஏனெனில் வடியாத சுவரைத்தான் அஞ்ச வேண்டும். சென்ற மழைக்கு முன் நடுவில் ஒரு மெல்லிய விரிசல் தெரிந்தது. அங்கே பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமென்ட் வைத்து இரண்டு ஓரமும் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி முறியும். விரிசலைப் பற்றிக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தாயிற்று, நம்பரும் வாங்கியாயிற்று. கண்ணாடி முறிந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றிரவே சுவரோரத்து வீடுகளைக் காலி செய்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எந்தெந்த வீடுகள் என்று நிலத்தில் கோடும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.